கோரம் கூடாத சனிக்கிழமை

கூட்டம் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் நான் இறங்கும்போதே பத்தே கால். பிந்திவிட்டோமே என்று மேட்டில் மூச்சு வாங்க ஏறிப் போனால், பள்ளிக்கூட நூலகத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் கதவைத் திறந்துவிட வந்த காவலாளி.

"சீசன் நேரம் சேர். பஸ்ஸெல்லாம் நல்லதண்ணிக்குப் போயிருது. டீச்சர்மார் வர கொஞ்சம் சுணங்கும்" என்றார் அவர்.

2025 பெப்ரவரி. சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறும் பருவம். டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமி வரை ஹட்டன் தன் வசத்தில் இருப்பதில்லை. ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம் நேராக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறது. கம்பளித் தொப்பி விற்கிறவர்களுக்கு நல்ல வியாபாரம். தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வர வேண்டியவர்கள் முச்சந்திகளில் நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் போனது மலை ஏற அல்ல. ஹட்டனைச் சுற்றியுள்ள தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் நூலகத்தைக் கவனிக்கும் ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு சிறிய சங்கம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் புதிய நிர்வாகிகளைத் தெரிவு செய்வதாக இருந்தது. திருச்சிப் பக்கம் முப்பது வருஷம் பள்ளிக்கூட நூலகராக இருந்தவன் நான். இந்த மாதிரிக் கூட்டங்கள் எனக்குப் புதிதல்ல. ஒரு முறை எங்கள் ஊர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இரண்டு அணிகள் மைக்குக்காக இழுபறிப்பட்டு, கடைசியில் மைக்கே இரண்டாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு இதையெல்லாம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் ஒரு டீச்சர் போனில், "எங்க யாப்புப்படி பார்வையாளர் ஒருத்தர் இருக்கலாம், வாங்க சேர்" என்றபோது அந்த 'யாப்பு' என்ற சொல்லே என்னை இழுத்துவிட்டது. நாம் சங்க விதிமுறை என்று சொல்வதை இலங்கையில் யாப்பு என்கிறார்கள். எனக்கு வெண்பாவும் தளையும் நினைவுக்கு வந்தன. பிறகு யோசித்தால் அதுவும் பொருத்தம்தான். தளை தட்டினால் கூட்டம் செல்லாது.

அன்றைக்குத் தளை தட்டியது. 23 பள்ளிக்கூடங்கள், கோரத்துக்கு 12 பேர் வேண்டும். பதினொன்றரை மணிக்கு எண்ணிப் பார்த்தார்கள், ஒன்பது. வந்தவர்களில் ஏழு பேர் பெண்கள். இரண்டு பேர் சேலை நுனியில் சேறோடு வந்திருந்தார்கள், பாதித் தூரம் நடை. பழைய தலைவர் ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர், நல்ல மனுஷர். "வந்தவங்களை வச்சு நடத்திருவோமா? திரும்ப ஒரு நாள் எல்லாரும் அலையணுமே" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

ஒரு இளம் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் சேர். வராதவங்க நாளைக்கு 'எங்களைக் கேட்டா செஞ்சீங்க'ன்னு கேப்பாங்க. அடுத்த சனிக்கிழமை வைங்க." என்னை போனில் அழைத்தவரும் இவர்தான்.

கூட்டம் தள்ளிப் போயிற்று. பிளேன் டீயும் மாரி பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைந்தோம். எனக்கு ஒரு வாரம் கையில் கிடைத்தது.

*

கிளம்புகிற நேரத்தில் அந்த டீச்சர், "எங்க அப்பா இருவது வருஷம் தோட்டத்துத் தலைவரா இருந்தவரு. தெரிவைப் பத்திப் பேசணும்னா அவருகிட்டதான் பேசணும்" என்றார். கொட்டகலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ஒரு திருப்பத்தில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடந்தோம். ஒரு மலையில் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். செடிகள் மொட்டையாக, சாம்பல் நிறத்தில், விரல்களை விரித்த மாதிரி நின்றன. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கங்காணி மட்டும் ஆண். அப்போது நாள் சம்பளம் 1,350 ரூபாய். அதற்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. குறைந்தால் அரைப் பேர்தான் விழும். 'பேர்' என்பது இங்கே ஒரு நாள் வேலையின் பெயர். "இந்த மாசம் இருவது பேர் போட்டேன்" என்று ஒரு அம்மா சொன்னது எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பெரியவருக்கு எண்பதை ஒட்டிய வயது. லயம் என்னும் வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவை நீட்டிக் கட்டி, முன்னால் ஒரு தகரப் பத்தி இறக்கியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து பேசினோம். தலைவர் என்ற சொல்லை எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தேன். கட்சித் தலைவரைச் சொல்லும் கனம் அதில் இல்லை. தோட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு தலைவி, கமிட்டி. டவுனில் சங்கக் காரியாலயம், அங்கே ஒரு மாவட்டப் பிரதிநிதி. எல்லாத் தோட்டத்துத் தலைவர்களும் சேர்ந்தால் 'தலைவர்மார்'.

"எப்படித் தெரிவு செய்வீங்க ஐயா?"

"ஞாயித்துக்கெழம கோயிலடியில கூடுவோம் தம்பி. மாரியம்மன் கோயில். பேரு சொல்லுவாங்க, கையைத் தூக்குவாங்க. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, கையைத் தூக்குனவன் பேரு விடியுறதுக்குள்ள துரை காதுக்குப் போயிரும். அடுத்த வாரம் அவனுக்கு இருக்கறதுலேயே செங்குத்தான மலை. அது தெரிஞ்சும் தூக்குவாங்க."

கங்காணிக்கும் தலைவருக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. கங்காணியைத் துரை, அதாவது தோட்ட மனேஜர், பார்த்து வைப்பார். அந்தக் காலத்தில் ஆட்களை ஊரிலிருந்து கூட்டி வந்ததே பெரிய கங்காணி. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் வாசித்து மலைக்கு அனுப்பியதும் அவர், கடன் கொடுத்ததும் அவர். தலைவரை ஆட்கள் பார்த்து வைக்கிறார்கள். பிரட்டுக்களத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்பார்கள். ஒருவர் முகம் துரையைப் பார்த்திருக்கும், மற்றவர் முகம் ஆட்களைப் பார்த்திருக்கும். இதைச் சொல்லிவிட்டு, "அப்படித்தான் இருக்கணும். இல்லாதவனும் இருந்தான்" என்றார்.

பிறகு மகளைக் கூப்பிட்டு ஒரு தகரப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். உள்ளே கடிதங்கள். கார்பன் வைத்து எடுத்த நீலப் பிரதிகள், ஓரம் பொடிந்து, நூலால் கட்டி அடுக்கியவை. ஒன்றைப் பிரித்தேன். கூரைத் தகரம் ஒழுகுவதைப் பற்றித் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம். முழுக்க ஆங்கிலம். கையெழுத்து மட்டும் தமிழில், 'தலைவர்' என்ற சொல்லோடு.

"உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?"

"எங்க வரும்! ஸ்கூல் மாஸ்டர் எழுதிக் குடுப்பாரு. நான் ஒப்பம் போடுவேன்."

"அப்ப தலைவர் யாரு ஐயா, நீங்களா, மாஸ்டரா?"

ரொம்ப நேரம் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

*

அந்த வாரம் முழுக்க இந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. இந்த மலைநாட்டின் வரலாற்றில் தலைவராக வந்தவர்களைப் பார்த்தால் எழுதுகிறவர்கள் எங்காவது நின்றுகொண்டே இருக்கிறார்கள். கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர், பத்திரிகைக்காரர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரியாக வேஷம் போட்டுக்கொண்டு லயங்களுக்குள் போய்ப் பார்த்தவர். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று அவர் ஒரு சம்மேளனம் தொடங்கினார். அதற்கு இடம் இதே ஹட்டன். அவர் மனைவி மீனாட்சியம்மாள் மேடையில் பாடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு நோட்டீஸ் போய்ச் சேரும் வழி பாட்டுத்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1936-இல் ஹட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குப் போனார்.

1939 ஜூலையில் நேரு கொழும்பு வந்திருந்தபோது, சிதறிக் கிடந்த இந்தியச் சங்கங்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸாக ஒன்றாயின. அடுத்த ஆண்டே அதற்குத் தொழிற்சங்கம். அந்த 1940 ஜனவரி 10-ஆம் தேதி முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். இங்கே சங்கத்தில் சேர்வது என்பது சந்தா கட்டி ரசீது வாங்கும் விஷயமாக மட்டும் இருந்ததில்லை.

1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா. மறு ஆண்டே, 1948-இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் தோட்ட மக்களில் பெரும்பாலானவர்களின் பிரஜாவுரிமையும், அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயின. 1952 தேர்தலில் ஏழு பூஜ்யமானது. பின்னால் 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டன. 1960-இலும் 1965-இலும் தொண்டமான் பாராளுமன்றத்தில் இருந்தார், ஆனால் நியமன உறுப்பினராக. மக்கள் வாக்குப் போட்டு அவர் மறுபடி உள்ளே போனது 1977-இல், நுவரெலியா-மஸ்கெலியா என்ற மூன்று அங்கத்தவர் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக.

நடுவில் முப்பது வருஷம். அந்த முப்பது வருஷமும் லயத்தில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு நாட்டின் தேர்தல் நாள் என்பது இன்னொரு வேலை நாள். அவர்களிடம் இருந்த ஒரே தெரிவு, மாரியம்மன் கோயிலடியில் கையைத் தூக்குவதுதான். நாடு கொடுக்காத வாக்கைச் சங்கத்துக்குள் போட்டுப் பழகியிருக்கிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர் தற்செயலாகச் சொன்ன ஒரு வாக்கியத்தில் அது இருந்தது. "நான் முதமுதல்ல எலக்சன்ல வோட்டுப் போடறதுக்கு முன்னாடியே அஞ்சு தடவை தலைவரா வந்துட்டேன் தம்பி."

ஒப்பந்தக் காலத்தைப் பற்றியும் சொன்னார். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பங்களுக்குப் பாரங்களை நிரப்பத் தெரியும், அதனால் அவர்கள் முதலில் கப்பலேறினார்கள். ஒரே வருஷத்தில் மூன்று முறை புதுச் செயலாளர் பார்க்க வேண்டி வந்ததாம்.

சங்கங்களை நான் ஒரேயடியாகப் புகழ முடியாது. கோயிலடியில் கை தூக்கித் தலைவரைத் தெரிந்தெடுத்தவர்களுக்குச் சங்கத்தின் உச்சியில் யார் இருப்பது என்பதில் அவ்வளவு பேச்சு இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டமான் 1999-இல் இறக்கும் வரை, இலங்கை இந்தியக் காங்கிரஸின் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அவர் கையில் இருந்தது. பிறகு பேரன் ஆறுமுகன், 2020-இல் அவர் மறைந்த பிறகு அவர் மகன் ஜீவன் பொதுச் செயலாளர். தொண்டமானோடு காங்கிரஸை நடத்திய அஸீஸ் பிரிந்து போனதும், 1965-இல் வெள்ளையன் வெளியேறித் தொழிலாளர் தேசிய சங்கம் தொடங்கியதும் கொஞ்சமாவது இந்த மூச்சுமுட்டலால்தான் என்பது என் எண்ணம். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள், மேடையில் உட்காருகிறவர்களில் பெரும்பகுதி ஆண்கள். இதற்கு நான் விளக்கம் தேடவில்லை. திருச்சியிலும் அப்படித்தான்.

*

செவ்வாய்க்கிழமை தலவாக்கலைக்குப் போனேன். சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து ரயில் கொட்டகலையில் நின்றது. ஒரு பையன் வடை விற்றான், இறால் ஒட்டிய வடை. மலை உச்சியில் கடல் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றியது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டு ஊரின் காலடியில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது. பக்கத்தில் 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம். செடியைப் பற்றி நூறு வருஷமாக ஆராய்ச்சி நடக்கிறது. செடியைப் பறிப்பவர்களைப் பற்றி எழுதியவர் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில், 1914-இல் பிறந்தார். சி.வி. வேலுப்பிள்ளை. கவிஞர், ஆசிரியராக இருந்தவர், தொழிற்சங்கக்காரர், 1947-இன் ஏழு பேரில் ஒருவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், தோட்டத்துப் பாட்டுகளை ஊர் ஊராகச் சேகரித்துத் தமிழில் புத்தகமாக்கினார். பாராளுமன்றத்துக்கும் நாட்டுப்பாட்டுக்கும் ஒரே ஆளை அனுப்பிய தொகுதி வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

நானு ஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்கு பஸ். இங்கே குளிர் வேறு மாதிரி, காதைப் பிடித்து இழுக்கும். காய்கறிப் பாத்திகளில் கரட்டும் லீக்ஸும். ஊருக்குள் குதிரை, படகு, ஆங்கிலேயன் விட்டுப்போன ஓட்டுக் கூரைகள். எல்லோரும் படம் எடுக்கிற சிவப்புச் செங்கல் தபாலகத்துக்கு நானும் போனேன். 1894-இல் கட்டியது, உச்சியில் கடிகாரக் கோபுரம். 2023 நவம்பரில் இதை ஓட்டல் கட்டக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, நாடு முழுக்கத் தபால் ஊழியர் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. நான் போன அன்று கவுண்டரில் முத்திரை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து தூக்கி வந்த பதினொரு சிறுவர் புத்தகங்களில் ஆறைப் பொதியாகக் கட்டி, நான் போக முடியாத ஒரு தோட்டப் பள்ளிக்கு அனுப்பினேன். எடை போட்ட அம்மா, "புத்தகமா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழில் திரும்பக் கேட்டார்.

*

அடுத்த சனிக்கிழமை. இந்த முறை ஒன்பதரைக்கே போய்விட்டேன். பத்தரைக்குள் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். காத்திருந்த நேரத்தில் பேச்சு நூலகத்தைப் பற்றிப் போயிற்று. இவர்களில் முழுநேர நூலகர் என்று யாரும் இல்லை. தமிழ் டீச்சர், கணித டீச்சர், ஒருவர் உடற்கல்வி. கூடவே நூலகப் பொறுப்பு. ஒரு டீச்சர் மட்டும் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1999-இல் அமைத்த நூலக நிறுவகத்தில் படித்துவிட்டு வந்தவர். பகுப்பெண் போடுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் அவர். அக்டோபரில் வாசிப்பு மாதம் வந்தால் எல்லோருக்கும் நூலகம் ஞாபகம் வரும், நவம்பரில் மறந்துவிடும் என்றார்கள். யாராவது ஆசிரியர் லீவு போட்டால் நூலகப் பாடவேளைதான் முதலில் பறிபோகும். அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள நூலக டீச்சரை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் ஊரிலும் இதே கதைதான் என்றேன். அதில் ஒரு சின்ன ஆறுதல் எல்லோருக்கும்.

நான் கொஞ்சம் படம் காட்டினேன். அமெரிக்காவில் பள்ளி நூலகர் சங்கத்துக்குத் தலைவரை ஒரு வருஷம் முன்னாலேயே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். முதல் வருஷம் 'வரப்போகும் தலைவர்', இரண்டாம் வருஷம் தலைவர், மூன்றாம் வருஷம் 'முன்னாள்' என்ற பெயரில் பக்கத்தில் இருந்து வழிகாட்ட வேண்டும். மூன்று பேரும் ஒரே மேசையில் இருப்பதால் வேலை அறுந்து போகாது. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு. "சேர், இங்க அடுத்த வருஷம் யாரு எந்த ஸ்கூல்ல இருப்பாங்கன்னே தெரியாது. இடமாற்றம் வந்தா 'வரப்போகும் தலைவர்' வேற வலயத்துக்குப் போயிருவாரு."

ரங்கநாதன் கதை அதைவிட நன்றாக எடுபட்டது. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்தவர். 1928-இல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கியபோது அவர் எடுத்துக்கொண்டது செயலாளர் பதவி. 1945 வரை பதினேழு வருஷம் அதிலேயே இருந்தார். கணித டீச்சர் ஒருவர், "அப்ப நமக்கும் வாய்ப்பிருக்கு" என்றார்.

பிறகு தெரிவு. பழைய தலைவரையே ஏகமனதாகத் திரும்பத் தெரிவு செய்வோம் என்று ஒருவர் பிரேரித்தார், இன்னொருவர் ஆமோதித்தார். எனக்கு ஏகமனதின் மீது எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பதினைந்து பேருக்கு டீயில் சீனி எவ்வளவு என்பதிலேயே ஏகமனது இருப்பதில்லை. கொழும்பில் படித்த அந்த டீச்சரின் பெயரை வேறொருவர் பிரேரித்ததும் அறையில் ஒரு சலசலப்பு. அவர் முதலில் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "சீட்டுப் போடுவோம்" என்றார் பெரியவரின் மகள்.

அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அதைப் பதினைந்தாக மடித்து வெட்டினார்கள். வெறும் சோக்குப் பெட்டி வாக்குப் பெட்டியாயிற்று. வெளியாள் என்பதால் எண்ணும் வேலை எனக்கு. பெட்டி பாதி மேசை சுற்றி வந்தபோது, வாசலில் ஒரு பையன். ஏழாம் வகுப்பு இருக்கலாம். சனிக்கிழமை டியூசனுக்கு வந்தவன், நூலகம் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டான். கையில் புத்தகம்.

"மிஸ், குடுக்கலாமா?"

யாரும் எதுவும் சொல்வதற்குள் வேட்பாளரான டீச்சர் எழுந்துவிட்டார். பதிவேட்டைத் தேடி எடுத்து, பையனின் பெயரைக் கண்டுபிடித்து, திகதி போட்டு, பின்னட்டையைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் யாரு கிழிச்சது?" என்று விசாரித்து, "நான் எடுக்கும்போதே அப்படித்தான் மிஸ்" என்ற பதிலை நம்பாமல் நம்பி, வேறொரு புத்தகம் எடுத்துக் கொடுத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் தேர்தல் அப்படியே நின்றது. பெட்டி ஒரு டீச்சரின் மடியில் இருந்தது. பழைய தலைவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கதையாக எழுதினால் அவர்தான் வென்றிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன். எட்டு, ஆறு. ஒன்றில் இரண்டு பெயரும் இருந்தது, செல்லாது. பழைய தலைவரே திரும்ப வந்தார். ஏன் என்று பின்னால் ஒரு டீச்சரிடம் தனியாகக் கேட்டேன். "அதிபர்மார் கூட்டத்துல அவரு பேசுனா கேப்பாங்க சேர். எங்க யாரு பேசுனாலும் 'பாப்போம் டீச்சர்'ம்பாங்க." இதற்கு மேல் நான் கேட்கவில்லை. பொருளாளர் தெரிவு ஒரு நிமிஷத்தில் முடிந்தது, யாருக்கும் வேண்டாத பதவி.

செயலாளர் விஷயத்தில்தான் நிஜமான ஏகமனதைப் பார்த்தேன். பிரேரிப்பதற்கு முன்னாலேயே எல்லோரும் பெரியவரின் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் எளிது. அந்தப் பதினைந்து பேரில் பிழையில்லாமல் சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சட்டப்படி தமிழில் எழுதலாம். 1987-இன் 13-ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் ஆட்சிமொழி. ஆனால் மேலிடத்துக்குத் தமிழில் போன கடிதம் மொழிபெயர்ப்புக்குக் காத்துக் கிடக்கும், சிங்களத்தில் போனால் இரண்டு வாரத்தில் ஏதோ ஒரு பதில் வரும் என்பது இவர்கள் அனுபவத்தில் கண்டது.

மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். செயலாளர் அங்கேயே உட்கார்ந்து முதல் கடிதத்தை எழுதத் தொடங்கினார். நூலகப் பாடவேளையை வேறு வகுப்புக்குத் திருப்பக் கூடாது என்று வலயமெங்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டும், அதுதான் விஷயம். வட்ட வட்டமான எழுத்துகள் வரிசையாக இறங்கின. அப்பாவின் கார்பன் தாள் இப்போது இல்லை. எழுதி முடித்ததும் போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார். பிறகு தாளைத் தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் கண்ணாடியைப் போட்டார். தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பேனாவை எடுத்தவர், மூடியைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு தடவை தமிழ்ல சொல்லிருங்க டீச்சர்."

அவர் முதல் வரியில் விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்.